அடுப்புக்கல் எரிந்த கரை

அன்று பின்னேரம் நடராசா அண்ணையின் பட்டறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம்: கொல்லரான நடராசா அண்ணை, என் அக்காவைக் கட்டிய கனகு அத்தான், கரையிலிருந்து கருவாடு கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றிப்போகும் யூட், நான். என் தகப்பனார், ஐயா, இல்லை. ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் வரவில்லை. "வரம்பு கட்டுற நேரம் கூட்டம் கூடுறவை கூடட்டும்" என்று மண்வெட்டியைக் கீழே வைக்காமலே சொல்லியனுப்பிவிட்டார். எங்கள் நடுவில், நிலத்தில், இரண்டு துண்டாகக் கிடந்தது அத்தானின் மெசினின் முன் அச்சு.

உழவு இயந்திரத்தை உருத்திரபுரத்தில் மெசின் என்றுதான் சொல்வோம். இடம்பெயர்ந்து காடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் கிடந்துவிட்டு நாங்கள் ஊர் திரும்பியபோது, எங்கள் வாய்க்காலில் வயல் செய்பவர்களுக்கென்று மிஞ்சியிருந்தது அந்த ஒரு மெசின்தான். மாடுகள் போன இடம் தெரியவில்லை. வயல்களில் பற்றை ஆள் உயரம். மழை தொடங்க முன்னர் உழுதால் காலபோக நெல் விளையும். இல்லாவிட்டால் இன்னொரு வருசமும் நிவாரண அரிசி. அத்தான் ஒரு பரல் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வைத்திருந்தார். ஆனால் பற்றைக்குள் மறைந்திருந்த மதகுக் கட்டில் மெசின் ஏறி விழுந்ததில் அச்சு போய்விட்டது.

"காஸ் வெல்டிங்குக்குக் காபைட் இல்லை. கரண்ட் வெல்டிங்குக்குக் கரண்டே இல்லை" என்றார் நடராசா அண்ணை. "உலையிலை காய்ச்சி ஒட்டத்தான் வேணும். பாலை மரக் கரியிலை ரண்டு தரம் பாத்திட்டன். மஞ்சளுக்கு வருது, வெள்ளைக்கு வருதில்லை. இந்த மொத்தத்துக்கு மரக்கரி தாக்குப்பிடிக்காது, கடதாசி மாதிரி எரிஞ்சு முடிஞ்சிடும். முந்திக் கொழும்பிலையிருந்து கல்லுக்கரி வந்தது. அதிலை ஒரு சாக்கு இருந்தால் நாளைக்கே ஒட்டித் தருவன்."

அரசாங்கம் வன்னிக்குப் பொருளாதாரத் தடை போட்டதிலிருந்து கொழும்பிலிருந்து சவர்க்காரமே ஒழுங்காக வருவதில்லை.

அப்போதுதான் யூட் தன் கருவாட்டுக் கடகத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டே சொன்னான்: "கல்லு எரியிற கதை கதைக்கிறியள். எங்கடை கரையிலை ஒரு அக்காவின்ரை அடுப்புக்கல்லே எரிஞ்சது, தெரியுமோ?"

அந்த அக்கா மூன்று கறுத்த கல்லை வைத்து அடுப்பு மூட்டியிருக்கிறா. சோறு கொதிக்க முன்னர் அடுப்புக்கல் சிவந்து, எரிந்து, பானை சரிந்துவிட்டது. யாரோ வெடிமருந்து என்று கத்த, மீன்பிடி வாடிச் சனம் முழுக்கப் பதுங்குகுழிப் பங்கருக்குள். இரண்டு மணித்தியாலம் ஒருவரும் வெளியே வரவில்லையாம். கல் மட்டும் தன்பாட்டில் எரிந்துகொண்டிருந்ததாம்.

நடராசா அண்ணை என்னைப் பார்த்தார். நான் எங்கள் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியர், விஞ்ஞானம். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளே நான்தான். நிலக்கரிப் பாடத்தை மூன்று வருசம் படிப்பித்திருக்கிறேன். நிலக்கரியை ஒரு தடவையும் கண்டதில்லை.

"வாத்தி, எங்கடை மண்ணுக்கை கரி இருக்குமோ?"

இருக்காது என்பதுதான் புத்தகத்துப் பதில். உள்நிலத்தில் இருப்பது மிகப் பழைய பாறை. கரைப்பக்கம் கடலுயிர்களின் ஓட்டில் உண்டான சுண்ணாம்புக் கல். கரி விளைய இடையில் ஒரு சதுப்புக் காடு இருந்து புதைந்திருக்க வேண்டும். ஆனால் புத்தகம் எழுதினவர் எங்கள் கரையை நடந்து பார்த்திருப்பாரா? வன்னியில் ஒரு சுரங்கம் என்று நினைத்ததுமே எனக்கு நித்திரை போய்விட்டது. பள்ளி விடுமுறையில் இன்னும் கொஞ்சநாள் மிச்சம் இருந்தது. இரண்டு சைக்கிளும் நாலு வெற்றுச் சாக்குமாக நானும் நடராசா அண்ணையும் விடியப் புறப்பட்டோம். ஐயா படலையடியில் நின்றார். "வரம்பை ஆர் கட்டுறது?" என்று மட்டும் கேட்டார். நான் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

நடராசா அண்ணை பாரமான ஆள். அவருடைய சைக்கிளின் பின் ரயருக்குள் ரியூப் இல்லை, வைக்கோல். ரியூப் கிடைக்காத காலத்தில் அப்படித்தான் பலர் ஓடினார்கள். ஒழுங்கான றோட்டில் அது ஓடும். நாங்கள் போனது குழிகளுக்கிடையே இடைக்கிடை றோட்டுத் தெரியும் பாதை. விசுவமடு தாண்டுவதற்குள் வைக்கோல் தூளாகி ரயரின் வெடிப்பால் கொட்டத் தொடங்கியது. பின்னால் வந்த நான் பார்த்தேன், ஏதோ மாடு தின்றுகொண்டு போன மாதிரி வழி முழுக்க வைக்கோல்.

"அண்ணை, உங்கடை சைக்கிள் சிந்துது."

"பேசாமல் வா. திரும்பி வரேக்கை வழி தெரிய வேணுமெல்லே."

ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி, கடைக்காரரின் கூரையிலிருந்தே இரண்டு பிடி வைக்கோல் கேட்டு வாங்கித் திணித்தோம். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. ஆளுக்கொரு பனங்கட்டித் துண்டு. அதைக் கொடுப்புக்குள் ஒதுக்கிவைத்து உறிஞ்ச வேண்டும். பாணும் இடிசம்பலும். சம்பலில் தேங்காயைவிட மிளகாய் கூட, ஆனால் அந்தப் பசிக்கு அமிர்தமாக இருந்தது. பக்கத்து வாங்குப் பலகையில் இரண்டு பேர் எங்களை வைத்துக் கதைத்தார்கள், எங்களுக்குக் கேட்கத்தான்.

"வாத்தியும் கொல்லனும் சோடி சேர்ந்து எங்கை போயினம்?"

"கலியாணம் பேசவாக்கும்."

"அதுக்கு வாத்தி காணும். கொல்லன் எதுக்கு?"

"பொம்பிளை வீட்டார் ஓடாமல் விலங்கு போட."

நடராசா அண்ணை தேத்தண்ணியைச் சிந்திச் சிந்திச் சிரித்தார். மிச்சப் பாதை முழுக்க அதைச் சொல்லிச் சொல்லியே மிதித்தார். பொழுது படுகிறபோது காற்றில் உப்பு வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தது அளம்பிலுக்குத் தெற்கே ஒரு வாடி. கொக்கிளாயிலிருந்து இடம்பெயர்ந்த கத்தோலிக்கச் சனம், பன்னிரண்டு பதின்மூன்று கிடுகுக் கொட்டில்கள், நடுவில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். எலிசபெத் அக்கா என்பவதான் அடுப்புக்காரி. யூட்டின் பெயரைச் சொன்னதும், "ஓ, கல்லு பாக்க வந்த ஆக்களோ? இருங்கோ, முதல்லை சாப்பிடுங்கோ" என்று இரண்டு கோப்பையை நீட்டினா. முரல் மீன் சொதியும் குத்தரிசிச் சோறும். சொதியில் மாங்காய்த் துண்டு. எங்கள் ஊரில் மீன் என்றால் குளத்து யப்பான் மீன், திலாப்பியாதான். இரண்டு முறை புளி விட்டுக் கழுவினாலும் சேற்று மணம் போகாது. அதை வெகுளியாகச் சொல்லிவிட்டேன்.

"உது மீனோ?" என்றார் அவவின் புருசன் பாவிலு அண்ணை, சீரியசாக. "உது தவளைக்கு மச்சான்."

அடுத்த நாள் விடிய எலிசபெத் அக்கா கல்லைக் காட்டினா. வாடிக்குப் பின்னால் ஒரு குவியல். அந்தக் கறுத்த கல் அங்கே வந்த காரணமும் தடைதான். வலை தாழ ஈயம் கட்ட வேண்டும். ஈயம் தடை. ஆகவே கரையில் ஒதுங்கிக் கிடந்த கறுத்த கல்லைப் பொறுக்கி வலையில் கட்டியிருக்கிறார்கள்.

"கட்டி இறக்கினால் வலை தாழுதில்லை" என்றார் பாவிலு அண்ணை. "பாக்கக் கல்லு, தூக்கினால் பாணுத்துண்டு. மீனெல்லாம் கீழாலை சிரிச்சுக்கொண்டு போகுது. செத்த கல்லு எண்டு கொண்டந்து கொட்டிப்போட்டன். இவ அதை அடுப்புக்கு எடுத்திட்டா."

"அளவாக் கிடந்தது, எடுத்தன். உங்கடை செத்த கல்லுக்கு உயிர் குடுத்தது நானெல்லே" என்றா எலிசபெத் அக்கா.

நான் ஒன்றைக் கையில் எடுத்தேன். புத்தகத்தில் இரண்டு வரிப் படமாக இருந்தது என் உள்ளங்கையில் இருந்தது. லேசான பாரம். விளிம்புகள் அலையில் உருண்டு மழுங்கியிருந்தன. உடைத்தால் உள்ளே பளபளவென்று, காகத்தின் கழுத்து மாதிரி. கடதாசியில் தேய்த்துப் பார்த்தேன்: கறுப்புக் கோடு. பழுப்புக் கோடு விழுந்தால் அது இலிக்னைற்று, இளம் கரி, கொல்லருக்கு உதவாது. நடராசா அண்ணை கோடு, கடதாசி ஒன்றும் பார்க்கவில்லை. சிரட்டை நெருப்பில் ஒரு துண்டைப் போட்டு மூக்கை நீட்டினார். தார் மணம் எழும்பியது.

"பிள்ளையாரே! கொழும்புக் கரியே தான். கொழும்பிலை இதைவிடக் கல்லுக் கலந்தெல்லோ விப்பாங்கள்!"

குவியல் முழுவதையும் சேர்த்தாலும் கால் சாக்கு வராது. அச்சுக்குக் காணாது. மிச்சம் நிலத்துக்குள் இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். சொன்ன வேகத்தில் வாடியில் இருந்த பாதிப் பேர் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். கரி ஒதுங்கும் இடத்துக்கு நேரே, மணல் மேட்டில், கிணறு மாதிரி வெட்டினோம். வெட்ட வெட்ட நான் சுரங்கங்களைப் பற்றிச் சொன்னேன்: ஆழமாக ஒரு குழி இறக்கி, அதிலிருந்து பக்கவாட்டில் தெருத்தெருவாகக் குடைந்துகொண்டு போவார்கள், கூரை விழாமல் இடைக்கிடை கரியையே தூணாக விட்டுவைப்பார்கள், உள்ளே வாயு கசியும், வெறும் நெருப்பு கொண்டுபோனால் வெடிக்கும், அதற்கென்று வலைக்கண்ணி போட்ட விளக்கு ஒரு காலத்தில் செய்தார்கள், தகரப் பெட்டியில் ஆளை வைத்துக் கயிற்றில் இறக்கினால் பொழுது பட்டபிறகுதான் மேலே வருவார்கள்.

"நாள் முழுக்க மண்ணுக்கையோ?" என்றா எலிசபெத் அக்கா. "எங்கடை சனத்துக்கு அது பழக்கம்தானே தம்பி. பங்கருக்குச் சம்பளமும் தருவினமெண்டால் நாளைக்கே வாறம்."

இடுப்பளவில் தண்ணீர் ஊறியது. மட்டி ஓடு, சிப்பி, வெள்ளை மணல். கரி ஒரு துணிக்கையும் இல்லை. இன்னொரு இடத்தில் வெட்டினோம். அதே மட்டி ஓடு. மத்தியானத்துக்குப் பிறகு ஒவ்வொருவராக வேலைக்குப் போனார்கள். ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நடராசா அண்ணை குழியின் விளிம்பில் குந்தியிருந்து வானத்தைப் பார்த்தார். கிழக்கில் சின்னதாய் முகில் கட்டியிருந்தது.

பின்னேரம் பனங்கிழங்கு மாவில் ஒடியற் கூழ். நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒரே பானைக்குள். பிலாவிலையை மடித்துக் கோலி வைத்துக் குடித்தோம். அப்போது எலிசபெத் அக்கா கேட்டா:

"தம்பி, உந்தக் கரி எப்பிடித்தான் விளையிறது?"

"மரம்தான் அக்கா. செத்த மரம் வெளியிலை கிடந்தால் உக்கிப்போம். சேத்துத் தண்ணிக்கை விழுந்தால் காத்துப் படாது, உக்காமல் கறுத்துக் கிடக்கும். களப்புக்கரையிலை கண்டல் வேருக்குள்ளை காலை வைச்சால் கறுப்புச் சேறு நாறுமே, அதுதான் தொடக்கம். அதுக்கு மேலை இன்னும் மரம், இன்னும் சேறு எண்டு அமத்த அமத்த முதல்லை பீற்று எண்ட பச்சைக் கரி வரும். வெட்டிக் காயவைச்சு எரிக்கலாம், புகைதான் கூட. பிறகும் அமத்தினால் பழுப்புக் கரி. நெய்வேலியிலை குளம் வெட்டின மாதிரி மேலை திறந்து அதைத்தான் எடுக்கினம். இன்னும் ஆழத்துக்குப் போய்ச் சூடும் பட்டால் இந்தக் கறுத்தக் கரி. எல்லாத்துக்கும் கடைசி அந்திரசைற்று. அது கண்ணாடி மாதிரி மினுங்கும், புகையே இல்லாமல் எரியும்."

"அப்ப எங்கடை கொக்கிளாய்க் களப்புக்கையும் கரி விளையும்?"

"விளையும். தொடங்கிக் கிடக்கு."

"எப்ப வெட்டலாம் வாத்தி?" என்றார் நடராசா அண்ணை. "இந்த மாரிக்கு ஆகுமோ?"

"கொஞ்சம் பொறுக்க வேணும் அண்ணை. ஒரு அஞ்சாறு கோடி வருசம்."

பாவிலு அண்ணை கூழை ஊதிக்கொண்டு சொன்னார்: "பறவாயில்லை. அதுக்கிடையிலை நாங்கள் ஊருக்குப் போயிடுவம்."

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிந்தபிறகுதான் எனக்கு உறைத்தது, இந்தக் கறுத்த கரி விளைய வேண்டுமென்றால் அது மிக ஆழத்தில் கிடந்திருக்க வேண்டும். இரண்டு குழியில் இல்லாதது மூன்றாவதிலும் இருக்கப்போவதில்லை. அப்படியென்றால் இது எங்கிருந்து வருகிறது?

"பாவிலு அண்ணை, இது எந்த நேரம் ஒதுங்கிறது?"

"வாடைக்காத்து அடிச்சு ஓய்ஞ்ச பிறகு. வேறை இடத்திலை ஒதுங்காது. இஞ்சை மட்டும்தான், இரும்புப்பாருக்கு நேரே."

"இரும்புப்பாரோ?"

"வலை கிழிக்கிற இடம். கோயில் முகடும் அந்த ரட்டைப் பனையும் நேரே வந்தால் நாங்கள் வலை போடமாட்டம். போன வருசம் என்ரை நங்கூரமும் அதிலைதான் போனது."

"பார் எண்டால் கல்லெல்லோ. இரும்பு எப்பிடி வந்தது?"

"பழைய புகைக்கப்பல் ஒண்டு அதிலை மூழ்கித் தாண்டது எண்டு சொல்லுவினம்."

"புகைக்கப்பல் எதை எரிச்சு ஓடினது?"

முதலில் சிரித்தது எலிசபெத் அக்காதான். "மாதாவே! கப்பலின்ரை விறகிலையோ நான் சோறு காய்ச்சினது?"

என்னுடைய சுரங்கம் அந்த இடத்திலேயே தாண்டுபோனது. வன்னிக்குக் கரி இல்லை. புத்தகம் எழுதினவர் நடக்காமலே சரியாகச் சொல்லியிருந்தார். முகம் வாடியிருக்க வேண்டும், நடராசா அண்ணை என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"ஏனடாப்பா சோருறாய்? சுரங்கம் வெட்டினால் நாங்கள் வெட்ட வேணும், நாங்கள் தூக்க வேணும். இதை ஆரோ வெட்டி, ஏத்தி, கடல் தாண்டிக் கொண்டந்து, எங்கடை வாசலிலை கொட்டிப்போட்டுப் போயிருக்கிறான்! இதைவிட என்ன வேணும்?"

அது உண்மைதான். நான் அந்த வெட்டினவனை நினைத்துக்கொண்டேன். ஏதோ குளிர்நாட்டில், கயிற்றில் இறங்கி, முழங்காலில் ஊர்ந்து வெட்டியிருப்பான். அவன் வெட்டிய கரியில் உருத்திரபுரத்து மெசின் எழும்பும் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

மூன்றாம் நாள் விடியற் புறத்தில் வள்ளத்தில் போனோம். சோளகக் காற்று ஓய்ந்த கடல், குளம் மாதிரிக் கிடந்தது. வெளிச்சம் வடிவாக வந்தால் தொடுவானத்தில் கடற்படைக்காரரின் சாம்பல் நிறப் புள்ளி தெரியத் தொடங்கும். அதற்கு முன்னர் திரும்பிவிட வேண்டும். பாவிலு அண்ணை முந்திக் கடலட்டை பிடிக்கச் சுழியோடிய ஆள், மூச்சுக்காரர். நானும் குளத்தில் நீந்துகிறவன் என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். வள்ளம் நின்று ஆடத் தொடங்கியதும் முதல்நாள் குடித்த கூழ் முழுவதையும் கடலுக்குக் கொடுத்தேன்.

"நல்லது" என்றார் பாவிலு அண்ணை. "மீனுக்கும் ஒரு விருந்து." குதித்துவிட்டார்.

நடராசா அண்ணைக்கு நீந்தத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரையும் அந்தோனியாரையும் மாறி மாறிக் கூப்பிட்டபடி கயிற்றைப் பிடித்திருந்தார். கயிறு இரண்டு தரம் சுண்டினால் இழுக்க வேண்டும். இழுத்தோம். பனையோலைக் கடகம் தண்ணீர் வடிய வடிய மேலே வந்தது. உள்ளே சிப்பி ஒட்டிய, பாசி பிடித்த, தேங்காய் தேங்காயாகக் கரி! நடராசா அண்ணை கயிற்றை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். கடகம் திரும்பத் தண்ணீருக்குள் போகப் பார்த்தது, பாய்ந்து பிடித்தேன்.

கீழே மூன்று ஆள் ஆழத்தில் இரும்பு விலா எலும்புகள் நிற்கின்றனவாம், நடுவில் கரி மேடாகக் கிடக்கிறதாம். கடகம் கடகமாக வந்தது. இரண்டரைச் சாக்கு வந்திருக்கும். பிறகு கயிறு இறுகியது. இழுத்தால் வரவில்லை. கடகமும் கயிறும் விலா ஒன்றில் சுற்றிச் சிக்கிவிட்டன. பாவிலு அண்ணை மேலே வந்து மூச்செடுத்துவிட்டு மறுபடியும் போனார். நாங்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வரப் பிந்தியது. நடராசா அண்ணை சாமிகளின் பெயர்களை நிறுத்திவிட்டார்.

வந்தார். மூக்கால் கொஞ்சம் இரத்தம். கையில் கத்தி. "அறுத்துப்போட்டன். நல்ல நைலோன் கயிறு, இனி எங்கை கிடைக்கும்?" என்றார். கரியை ஒரு பார்வை பார்த்தார். "காணுமோ?"

காணுமோ காணாதோ, நடராசா அண்ணை "காணும், காணும், ஏறுங்கோ" என்றார்.

கரையில் கரியை மணலில் பரப்பிக் காயவிட்டோம். என்ன தரவேண்டும் என்று கேட்டோம். பாவிலு அண்ணை எலிசபெத் அக்காவைப் பார்த்தார். அவ சொன்னா: "மெசின் உழுது விளைஞ்சால் ரண்டு மூடை நெல்லு. விளையாவிட்டால் வேண்டாம். அதோடை இவருக்கு ஒரு நங்கூரம்."

கரியைப் பிரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் துண்டு என் கண்ணில் பட்டது. தேங்காய்ப் பாதி அளவு. ஒரு பக்கம் தட்டையாகப் பிளந்திருந்தது. வெயிலுக்குச் சரித்துப் பிடித்தால் மட்டும் தெரிந்தது: நடுவில் ஒரு காம்பு, இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரிச் சின்னச் சின்ன இலைகள். பன்னம். கறுப்பின் மேல் கறுப்பாக ஒரு பன்னம், பெரணி என்றும் சொல்லும் பூக்காத செடி. நான் மூன்று வருசம் வாயால் சொல்லிக்கொண்டிருந்த முழுப் பாடமும் அதில் இருந்தது. அதை மட்டும் என் புத்தகப் பைக்குள் வைத்தேன். எலிசபெத் அக்கா எட்டிப் பார்த்து, "பாவம், அதுவும் எங்கையோ ஒரு களப்பிலை நிண்டதாக்கும்" என்றா.

திரும்பும் வழியில் ஒரு சாக்கு கிழிந்தது. கட்ட ஒன்றும் இல்லை. என்னுடைய வெள்ளைச் சேட்டைக் கழற்றிக் கரியைச் சுற்றிக் கட்டினேன். படிப்பிக்கப் போடுவதற்கென்று வைத்திருந்த ஒரே சேட்டு. நடராசா அண்ணையின் வைக்கோல் ரயர் பாரம் தாங்காமல் இரண்டாகப் பிளந்தது. நல்லகாலம், மண்ணெண்ணெயில் இருமி இருமி வந்த ஒரு தட்டிவான்காரர் கூரையில் இடம் தந்தார். சோதனைச் சாவடியில் நின்ற இயக்கப் பொடியன் சாக்கைத் தட்டிப் பார்த்தான்.

"என்ன?"

"நிலக்கரி."

"எங்கையிருந்து?"

"கடலிலையிருந்து."

அவன் எங்கள் கறுத்த முகங்களைப் பார்த்தான். "சுத்திவரக் காடு. கரிக்குக் கடலுக்குப் போன ஆக்களை இண்டைக்குத்தான் காணுறன். போங்கோ, போய் முகத்தைக் கழுவுங்கோ."

பள்ளிக்கூடம் தொடங்கிய நாள் சாம்பல் நிறச் சேட்டோடு போனேன். பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பைக்குள்ளிருந்து பன்னக் கரியை எடுத்து மேசையில் வைத்ததும் சிரிப்பு நின்றது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அப்போது கூரை பாதி; வெயில் தாராளமாக விழுந்தது. வரிசையாக வந்து சரித்துச் சரித்துப் பார்த்தார்கள். "சேர், இது உயிரோடை இருக்கேக்கை மனுசர் இருந்தவையோ?" "இல்லை. பறவை கூட இல்லை." எல்லோரும் கொப்பியில் படமாகக் கீறினார்கள். சிலருடையது மீன் முள் மாதிரி இருந்தது. பறவாயில்லை. இனி ஒவ்வொரு வருசமும் இதை வைத்துப் படிப்பிக்கலாம் என்று மனத்துக்குள் தீர்மானித்துக்கொண்டேன்.

பின்னேரம் பட்டறைக்குப் போனேன். உலை எரிந்துகொண்டிருந்தது. துருத்தியை ஊதிக்கொண்டிருந்தது ஐயா. நான் போன நாட்களில் என் பங்கு வரம்பையும் அவரே கட்டி முடித்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். "கரிக்கோச்சி ஓடின காலத்திலை தண்டவாளக் கரையிலை பொறுக்கியிருக்கிறன்" என்றார். "அதே மணம்."

மரக்கரி சாம்பலாக உதிரும். இது உருகி ஒன்றோடொன்று ஒட்டி, உலைக்குள் ஒரு குகை மாதிரிக் கட்டிக்கொண்டது. குகைக்குள் அச்சின் இரண்டு முனையும் சிவந்து, செம்மஞ்சளாகி, மஞ்சளாகின. நடராசா அண்ணை கரையிலிருந்து சேலைத் தலைப்பு அளவு துணியில் முடிந்து கொண்டுவந்த வெள்ளை மணலைத் தூவினார். இரும்பு ஒட்டப் போடும் வெண்காரத்துக்குப் பதில் அதுதான். முனைகளைச் சேர்த்து அடித்தார். பாதி பிடித்தது. "இன்னும் ஒரு காய்ச்சல்" என்றார். கனகு அத்தான் கடைசிச் சாக்கை உதறிக் கொட்டினார். தூள்தான் விழுந்தது.

ஐயா ஊதினார். மஞ்சள், நல்ல மஞ்சள். வெள்ளைக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் நின்றது நிறம். குகையின் சுவர் உள்ளே இடியத் தொடங்கியது. வெளியில் காற்று மாறி முதல் மழை மணம் வந்தது. அத்தான் கதவடியில் போய் நின்று வெளியே பார்த்தார். நடராசா அண்ணை கரித்தூளை உலைக்குள் ஒதுக்கிச் சேர்த்தார். என் பையை ஒருதரம் பார்த்தார், உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

நான் பையைத் திறந்தேன்.

"அது பள்ளிக்கூடத்துப் பிள்ளையளின்ரை எல்லே?" என்றார் ஐயா, துருத்தியை விடாமல்.

"பிள்ளையள் கீறிப்போட்டினம் ஐயா."

குகையின் வாயில் வைத்தேன். கொஞ்ச நேரம் இலை அப்படியே இருந்தது. பிறகு காம்பு ஓடிய கோட்டில் நீலச் சுவாலை ஒன்று மெல்ல ஏறியது, கொடி ஏறுகிற மாதிரி. ஐயா முழுப் பலத்தையும் போட்டு ஊதினார். நிறம் மஞ்சளைத் தாண்டியது. கண் கூசியது. அச்சு முனையில் பொரி பறந்தது.

"இப்ப!" என்று கத்தினார் நடராசா அண்ணை. அவரும் அத்தானும் மாறி மாறி அடித்தார்கள். சத்தம் முதலில் மொத்தையாக இருந்தது. அடிக்க அடிக்கத் தெளிந்து, கடைசி அடிக்குக் கோயில் மணி மாதிரிக் கேட்டது. ஆறியபிறகு நடராசா அண்ணை அதைத் தூக்கிக் கல்லில் ஓங்கிப் போட்டார். கல்தான் உடைந்தது.

மெசின் எழும்பி எங்கள் வாய்க்காலின் கடைசி வயல் உழுது முடிய, மழை கொட்டத் தொடங்கியது. விதைத்தோம், விளைந்தது, வெட்டினோம்.

அந்த அச்சுக்கு எங்களுக்குப் போன செலவு: பாவிலு அண்ணை வீட்டுக்கு இரண்டு மூடை நெல், ஒரு நங்கூரம், இரும்புப்பாரில் இன்னும் சிக்கிக் கிடக்கும் கடகமும் கயிறும், நடராசா அண்ணையின் பின் ரயர், ஒரு வெள்ளைச் சேட்டு, முப்பது கோடி வருசம் பழுதாகாமல் இருந்த ஓர் இலை.